ஊமைத் தட்டு

"லைட்டைப் போடுங்க."

இருட்டுக் கூடத்தில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தைகள் இவை. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக் கொடுக்கும் முதல் விதியே அதுதான். மயக்கம் வந்தால் மணியை அமுக்கலாம். வாந்தி வந்தால் மேஜைக்கடியில் பை இருக்கிறது. பூரான் கடித்தால்கூடச் சுவரோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலை அறைக்குப் போய் உட்காரலாம். விளக்கை மட்டும் கேட்கக் கூடாது. அந்த விதியை நாற்பது பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவளே மாதேஸ்வரிதான். இப்போது கேட்பவளும் அவள்தான்.

தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்த பொத்தான் சத்தம் சட்டென்று நின்றது.

"யாரது?" கூரை ஒலிபெருக்கியில் தரப் பிரிவின் தலைவர் பிரபாகரின் குரல்.

"மாதேஸ்வரி சார். ஏழாம் மேஜை இசக்கியம்மாளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்து விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் இரைந்தது.

"மாதேஸ்வரி, நீ என் ரூமுக்கு வாம்மா. மத்தவங்க வேலையைப் பாருங்க."

தூறல் மறுபடி ஆரம்பித்தது. ஏழாம் மேஜையிலிருந்து மட்டும் சத்தமில்லை.

வெளியே காலை பதினொரு மணி. ஓசூர் வெயில் தொழிற்சாலைத் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் வெயிலைப் பார்த்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன.

அங்கே தயாரானவை கம்பிக்குப் பதிலாக வெளிச்சத்தால் பேசிக்கொள்ளும் சில்லுகள். சூடாகாது, வேகம் அதிகம். ஆனால் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான விளக்குகள் வேண்டும், அவை கிருமியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்கும் கேமராக்களை ஹீலியம் ஊற்றிக் குளிர்வித்தால்தான் அவை வேலை செய்யும். ஹீலியம் வருவது நின்று இரண்டு வருடமாகிறது. அப்போதுதான் நிர்வாகத்தில் யாருக்கோ ஞானம் பிறந்தது. நன்றாக இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் அந்தக் கேமராவுக்குக் கிட்டத்தட்டச் சமம். குளிர்விக்கவும் வேண்டாம். சாப்பாடு போட்டால் போதும்.

ஜன்னலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த விடுதி, சிவப்பு பல்பு, திரை போட்ட பஸ், சிவப்புக் கண்ணாடி. ஆறு வாரம் இருட்டில், ஒரு வாரம் வெளியே. வேலைக்குப் பெயர் பார்வை ஆய்வாளர்.

மாதேஸ்வரிக்கு அதைவிடப் பெரிய பெயர், தர ஆய்வுப் பொறியாளர். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் ஆலையில் தோல் சீவுகிற அம்மாவின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மகளுக்கு லைட் கம்பெனியில் வேலை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பவா போகிறாள்.

இசக்கியம்மாளுக்கு முப்பத்தாறு வயது, ஊர் அம்பாசமுத்திரம். மூக்கில் குப்பி அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி, மைனஸ் பத்து. மைக்ரோஸ்கோப்பைக் கண்ணுக்கு ஏற்றபடி திருகிக்கொள்ளலாம் என்பதால் நேர்முகத் தேர்வில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள், சாப்பாட்டு அறையின் சிவப்பு வெளிச்சத்தில் அவள் மாதேஸ்வரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, ஒண்ணு கேக்கணும். இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது? உள்ள பல்பு கில்பு இருக்கா?"

"பல்பு இல்லக்கா. ரெண்டு தங்கத் துணுக்கு, நடுவுல ஒரு இடுக்கு. நாலு அணுவை வரிசையா நிக்க வெச்சா அந்த இடுக்கு ரொம்பிடும்."

"அப்பம் கம்பி அந்துல்லா கெடக்கு? கரன்ட் எப்பிடித் தாண்டும்?"

"தாண்டாது. ஏறிக் குதிக்க அதுக்குத் தெம்பு கிடையாது. ஆனா சுவரு அவ்ளோ மெல்லிசா இருந்தா, இந்தப் பக்கம் நின்ன எலெக்ட்ரான் திடீர்னு அந்தப் பக்கம் நிக்கும். சுவருக்குள்ளாறயே பூந்து போயிடும்."

"பேயில்லா அப்பிடிப் போவும்!"

"பேயேதான். அப்படிப் பூந்து போறதுல லட்சத்துல ஒண்ணு, கையில இருக்கிற சக்தியைப் போற வழியில கீழ போட்டுட்டுப் போகும். நாம பாக்குற வெளிச்சம் அதுதான்."

"லட்சத்துல ஒண்ணா? மத்ததெல்லாம்?"

"சும்மா போயிடும்."

இசக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க தெருவுல காலேசுக்குப் போன புள்ளைய கணக்கால்லா இருக்கு."

மங்கலான வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் தெரியாது, சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அங்கே எல்லோருக்கும் ஓரக்கண் பார்வை பழகிப்போயிருந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போன இசக்கி, அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை அப்படிப் பார்த்து வைத்தாள். மாப்பிள்ளையின் அத்தை, "இந்தம்மா நம்மள நக்கல் பண்ணுது" என்று எழுந்துவிட்டாளாம். கூடமே அந்தக் கதையை ஒரு வாரம் வைத்துச் சிரித்தது.

வேலை இதுதான். தட்டில் நூறு விளக்குகள். ஒவ்வொன்றாகக் கண் முன் வரும். எரிவது தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். தினமும் முப்பது தட்டுகளுக்கு நடுவே மின்சாரமே கொடுக்காத தட்டு ஒன்றும் வரும். அதற்கு ஊமைத் தட்டு என்று பெயர். எது ஊமை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதன் கணக்கு தனிக் கோப்பில் விழும். அந்தக் கோப்பை வருடக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. மாதேஸ்வரியும் திறக்கவில்லை.

அங்கேதான் அவள் சறுக்கினாள். நாலு மாதம் முன்பு மற்றவர்கள் நூற்றுக்கு அறுபது விளக்கைப் பார்க்கும்போது இசக்கி எண்பத்தைந்தைப் பார்த்தாள். மாதேஸ்வரிக்குக் கை பரபரத்தது. பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதினாள். 'இக்கூடத்தின் சிறந்த கண் இசக்கியம்மாளுடையது. இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.' பிரபாகர் அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். "முதல் தலைமுறைப் படிப்புல இவ்ளோ கூர்மையா!" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று அம்மாவுக்குப் போன் செய்து அதைச் சொன்னாள்.

போன வாரம்தான் ஊமைத் தட்டுக் கோப்பைத் திறந்தாள். ஒரு கண்ணால் அவ்வளவு பார்க்க முடியுமா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் ஊமைத் தட்டில் நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று முறை ஏமாந்திருந்தார்கள். இசக்கி முப்பத்தொன்று. மின்சாரமே போகாத முப்பத்தொரு விளக்குகள் எரிந்ததாகப் பொத்தானை அமுக்கியிருந்தாள்.

"அக்கா, கண்ணு எப்படி இருக்கு?"

"ஜம்முன்னு இருக்கு. இப்பல்லாம் கண்ண மூடிப் படுத்தாக்கூட ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு மின்னுது. தொழில் கைக்கு வந்துட்டு புள்ள."

மாதேஸ்வரி வெளியே போய்க் கண் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் செய்து கேட்டாள். பதில் சுருக்கமாக வந்தது. மைனஸ் பத்துக் கண்ணில் மின்னல் தெரிந்தால் விழித்திரை இழுபடுகிறது, கிழியலாம். உடனே கூட்டி வாருங்கள். பார்வையில் திரை விழுந்தால் அன்றைக்கே அறுவை. தள்ளிப்போட்டால் அந்தக் கண் திரும்பாது.

பிரபாகரிடம் இரண்டு தடவை சொன்னாள். "இருட்டுல உக்காந்தா எல்லாக் கண்ணும் இல்லாத வெளிச்சத்தைக் கொஞ்சம் பாக்கும்மா" என்றார் முதல் தடவை. "வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆறு வாரம் முடியுது, அப்போ பாக்கலாம்" என்றார் இரண்டாவது தடவை.

இன்று செவ்வாய். தட்டு மாற்றும் இடைவெளியில் இசக்கி அவள் கையைத் தேடிப் பிடித்தாள். "ஏ புள்ள, காலைல எந்திச்சதுலருந்து எடக் கண்ணுல கறுப்புத் துணி தொங்குத மாரி இருக்கு. ரூம்ல செவப்பு பல்பு பாதிதான் தெரிஞ்சுது. சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாவளோன்னு சொல்லாம இருந்தேன்."

அப்போதுதான் மாதேஸ்வரி விளக்கைக் கேட்டாள்.

கூடத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கும், ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். இசக்கியின் அட்டை விடுதி பஸ் நேரத்துக்கு மட்டும்தான் திறக்கும், மற்ற நேரத்தில் வெள்ளிக்கிழமை வரை பூட்டு. கதவருகே ஆபத்துக் கைப்பிடி ஒன்று உண்டு. அதை இழுத்தால் விளக்கெல்லாம் எரிந்து இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கும், வெளிக்கதவைச் சாத்தினால்தான் விளக்கு அணையும். இதுவரை யாரும் இழுத்ததில்லை. பதினான்கு அடி நடந்தால் எட்டிவிடும் தூரத்தில்தான் மாதேஸ்வரி நின்றிருந்தாள். ஆனாலும் கேட்டாள். சாதிச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் இடம் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே வாங்கிப் பழகிய வாய். அந்த நேரத்திலும் கேட்கத்தான் வந்தது. அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"உக்காரும்மா" என்றார் பிரபாகர்.

"நிக்கிறேன்."

"கூப்பிட்டு எட்டு நிமிஷம் ஆச்சு."

"என் மேஜைக்குப் போயிட்டு வந்தேன்."

அவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அந்த வசதியைக்கூட அவர் கொடுக்கவில்லை.

"ஒரு தடவை லைட் போட்டா நாற்பது பேர் கண்ணும் இருட்டுக்குத் திரும்ப முக்கால் மணி நேரம். முழுசாப் பழக நாலு நாள். நான் சொல்லல, நீ எழுதினது."

"நான் எழுதினதுல தப்பு அது மட்டும் இல்ல சார்."

"வெள்ளிக்கிழமை சில்லு வாங்குறவங்க வர்றாங்க. மெஷினைக் காட்டப் போறோம்."

"எந்த மெஷின்?"

"ஹீலியம் வேண்டாத கேமரா. படம் கலங்கலாத்தான் வரும். எது வெளிச்சம், எது வெறும் இரைச்சல்னு அதுக்குக் கத்துக் குடுக்கணும். நாலு மாசமாக் கத்துக் குடுத்துட்டோம்."

"யாரை வெச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். "நீதானம்மா எழுதின. அளவுகோல்னு."

மாதேஸ்வரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மத்தவங்களைவிட அவங்க அதிகமாப் பாத்தது... சார், அது அவங்க விழித்திரை இழுபடுற மின்னல். மெஷினுக்கு ஊமைத் தட்டு காட்டினீங்களா?"

"காட்டினோம்."

"எத்தனை பாத்துச்சு?"

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"இருபத்தொன்பது."

விழித்திரையே இல்லாத ஒரு இயந்திரம், கிழிகிற விழித்திரையின் மின்னலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இசக்கிக்காவது கெட்டது ஒரு கண். இந்த இயந்திரத்தை எத்தனை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

"தெரிஞ்சேதான் காட்டப் போறீங்களா? இந்தச் சில்லு ஆஸ்பத்திரி மானிட்டருக்குப் போகுது சார். எரியாத விளக்கை எரியுதுன்னு பாஸ் பண்ணும்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சரி பண்ணிக்கலாம். கொஞ்சம் பெருசா யோசி. மெஷின் வந்தா இந்தக் கூடமே வேணாம். ஒரு பொண்ணும் இருட்டுல உக்கார வேணாம். நீ கேட்டதும் வெளிச்சம்தானே? இன்னிக்கு இவளை அனுப்பினா டாக்டர் சீட்டுல எழுதுவாரு. அளவுகோல் கண்ணே கெட்டதுன்னு ஆயிடும். மெஷின் போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் நாற்பது பேரு இருட்டுல. மூணு நாள் பொறுத்தா நாற்பது பேருக்கும் வெளிச்சம்."

"மூணு நாள் அவங்க கண்ணு பொறுக்காது."

"எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கும்மா."

"உங்க கண்ணுல இருந்து குடுங்க."

முதல் முறையாக அவர் முகம் சுருங்கியது. "நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். உங்க வீட்டுல முதல் ஆளு நீ. உன்னைப் பாத்துதான் அடுத்தது வரும். அவசரப்பட்டுக் கெடுத்துக்காதே."

இந்தப் பாராட்டு எப்போதும் இந்த இடத்தில்தான் வரும். கல்லூரியில் கேள்வி கேட்டபோது வந்தது. ஹாஸ்டல் சாப்பாட்டில் புழு இருந்ததைச் சொன்னபோது வந்தது. முதல் ஆள் என்று தட்டிக்கொடுக்கிற கைதான் வாயையும் பொத்துகிறது.

"வெளிய நின்னு யோசிச்சு, ஒரு முடிவு பண்ணிட்டு வந்து சொல்லு" என்றார்.

மாதேஸ்வரி திரும்பினாள். அந்த எட்டு நிமிடத்தில் அவள் மேஜையில் என்ன செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வண்டி அனுப்பச் சொன்னாள். அடுத்து, இசக்கியின் ஊமைத் தட்டுக் கோப்பை, தன் அறிக்கை போயிருந்த எல்லோருக்கும், சில்லு வாங்குகிறவர்கள் உட்பட, அனுப்பினாள். கூடவே ஒரே வரி. 'என் அறிக்கை தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன்.' பிரபாகரின் அறைக்கு அவள் கேட்கப் போகவில்லை. அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று பார்க்கத்தான் போனாள். இருபத்தொன்பது வந்தது.

கூடத்துக்குள் பதினான்கு அடி எடுத்து வைத்தால் ஏழாம் மேஜை. தோளைத் தொட்டதும் இசக்கி எழுந்துகொண்டாள்.

மாதேஸ்வரி கூடத்தின் நடுவில் நின்று குரலை உயர்த்தினாள். "எல்லாரும் கேளுங்க. இசக்கி அக்காவை வெளிய கூட்டிட்டுப் போறேன். கைப்பிடியை இழுத்தா லைட் வரும். உங்க கண்ணு திரும்பப் பழக நாலு நாள் ஆகும். இன்னொண்ணு, உங்களுக்குப் பதிலா மெஷின் ஒண்ணு வர இருந்துச்சு. அது இப்போ வராது. அதுக்கும் நான்தான் காரணம். திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க."

எட்டாம் மேஜையிலிருந்து காசிமேட்டு ரோஸ்லினின் குரல் வந்தது.

"மெஷின் வந்தா வூட்டுக்குப் போவோம், வராங்காட்டி இருட்டுல குந்துவோம். அத்த அப்பால பாத்துக்கலாம். லைட்டுக்கா இம்மாம் பேச்சு? நாங்க கண்ண மூடிக்கினா போச்சு."

இருட்டு முழுவதும் குபுக்கென்று சிரித்தது.

மாதேஸ்வரிக்குக் காது சுட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு. அதில் இருட்டுக்குப் பழகுவது பற்றி அவள் எழுதியது முப்பது பக்கம். எத்தனை கூட்டங்கள், எத்தனை வரைபடங்கள், முக்கால் மணி நேரம், நாலு நாள். கண்ணுக்கு இமை இருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. நாற்பது பேரும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார்களா என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் மேலே பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏய், கண்ண மூடினா மட்டும் பத்தாது, கைய வெச்சு அமுக்கிப் பொத்திக்கோங்கடி" என்றாள் ரோஸ்லின். "எவளாச்சும் எட்டிப் பாத்தீங்க, சாவடிச்சுடுவேன். பொத்தியாச்சா?"

"பொத்தியாச்சு!" என்று கூடம் முழுக்கக் குரல்.

"நீங்க இழுங்க மேடம். எக்காவ், கண்ண வாங்கிக்கினு வா."

"வாரேன்ட்டி" என்றாள் இசக்கி.

மாதேஸ்வரி இசக்கியைக் கதவருகே கூட்டிப்போய்க் கைப்பிடியை இழுத்தாள்.

விளக்குகள் எரிந்தன. தான் வேலை செய்த கூடத்தை அவள் முதல் முறையாகப் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்னது. சுவரெல்லாம் கைபட்ட கறை. முப்பத்தொன்பது பெண்கள் முகத்தைக் கைகளில் புதைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லின் முழங்கையால் பக்கத்து மேஜைப் பெண்ணின் தலையையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாதேஸ்வரி!" ஒலிபெருக்கி அலறியது. "என்ன பண்ற? யாரைக் கேட்டு..."

அவள் இசக்கிக்குச் சிவப்புக் கண்ணாடியை மாட்டி, அதன் மேல் துப்பட்டாவைச் சுற்றினாள். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. கடந்ததும் வெளிக்கதவை முதுகால் தள்ளிச் சாத்தினாள். பின்னால் தூறல் மறுபடி ஆரம்பிக்கிறதா என்று கேட்க நிற்கவில்லை.

முற்றத்தில் வெயில். இசக்கி ஐந்து வாரம் கழித்து அதைத் தோலில் வாங்கிக்கொண்டாள்.

"ஏ புள்ள, கண்ணு கெடைச்சிருமா?"

"தெரியலக்கா. இன்னிக்கே போனா கெடைக்கலாம்னு சொன்னாங்க."

"இம்புட்டு நாளும் நான் பாத்த வெளிச்சமெல்லாம்?"

"உங்க கண்ணுக்குள்ளயே வந்ததுக்கா. அதைப் புடிச்சு எழுதி வெச்சவ நான்தான்."

இசக்கி முழங்கையால் அவளை இடித்தாள். "சரி, அழுவாத. வண்டி எந்தப் பக்கம்? எனக்கு வலது பக்கந்தான் தெரியும், பாத்துக்கோ."

வாசலில் வண்டி நின்றிருந்தது. காவலாளி வெளியேறும் சீட்டை நீட்டினார். வேலை நேரத்தில் யார் வெளியே போனாலும் அதை நிரப்ப வேண்டும். பெயர், பிரிவு, காரணம், திரும்பும் நேரம். இசக்கியின் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'விழித்திரை' என்று எழுதினாள். தன் சீட்டில் பெயரையும் பிரிவையும் எழுதினாள்.

காவலாளியின் மேஜையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "மேடம், பிரபாகர் சார். முடிவு என்னன்னு கேக்கறாரு."

மாதேஸ்வரி திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அந்தச் சீட்டின் மேல் வைத்தாள். "இதைப் படிச்சுக் காட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, இசக்கியின் வலது கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.